தைப்பூசத்தில் ஒரு மேசை

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஏதோ நேற்று வந்த வெளிநாட்டு வித்தை அல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. அதற்கு வழி காட்டியவை நாய்கள். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ், மனிதர்களிடம் முதலில் தோற்று, நாய்களிடம் திரும்பிப் போய்க் கற்றுக்கொண்டு வந்துதான் ஜெயித்தார். 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நிணநீர்ப் புற்று வந்த நாய்களுக்கும் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை தரப்பட்டிருக்கிறது. மனிதர்களுக்கு, வீரியமான மருந்தால் நோயுற்ற மஜ்ஜையை அழித்து, கொடையாளரின் ஸ்டெம் செல்லை ஏற்றுகிறார்கள். அது புது ரத்தம் ஊறவைக்கும். நம்மிடம் குறைவது கொடையாளர்கள்தான். உடன்பிறந்தவரே முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். வெளியே தேடினால், ஒரே மரபுவழியினரிடமே பொருத்தம் கிடைப்பது அதிகம். கொங்கு நாட்டுப் பிள்ளைக்குக் கொங்கு நாட்டிலும் தேட வேண்டும். சென்னையில் 2009 முதல் 'தாத்ரி' பதிவகம் இருக்கிறது. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல், அவ்வளவே. பொருந்தினால் ஐந்து நாள் ஊசி. பிறகு ஸ்டெம் செல்லைப் பெரும்பாலும் கை ரத்தக்குழாய் வழியாகவே எடுக்கிறார்கள், முதுகெலும்பைத் தொடுவதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும். சென்னிமலைத் தைப்பூசத் தேருக்கு வடம் பிடிக்க வரும் இளவட்டங்களுக்காக, அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பதிவு மேசை போடுங்கள்.