நாமா, நாங்களா?

வேற்றுக்கோள் உயிரொன்று மனிதரிடம் பேசுவதாகத் தமிழில் ஊகப் புனைவு எழுதுபவர், அதன் வாயில் வைப்பது 'நாம்' என்பதையா, 'நாங்கள்' என்பதையா என்று முடிவுசெய்தாக வேண்டும். கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதா விலக்குவதா என்பதிலேயே கதையின் அரசியல் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும்.

'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' இணைய இதழ் மொழிபெயர்ப்புப் புனைவுகளுக்கென 2017இல் தொடங்கிய 'சமோவார்', மொழிபெயர்ப்புடன் மூலத்தையும் வெளியிட முன்வந்தது இதனால்தான் முக்கியமானது. அச்சிதழ்களுக்குத் தாள் செலவு ஒரு தடையாக இருந்தது. இணையத்தில் அத்தடை இல்லை. கதைக்கு ஓவியம் வரையச்செய்து இடமளிக்கும் இந்திய இணைய இதழ்கள், ஆசிரியர் இசைந்தால், மூலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். மொழியியல் மாணவர்களாகிய நாம் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.