வாழும்போதே சொல்லி வைப்போம்

மரணம் நிகழ்ந்த வீட்டில் மார்க்கச் சட்டங்களை ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் விளாத்திகுளத்தில் ஒரு ஜனாஸாவுக்குச் சென்றிருந்தேன். மறைந்தவர் கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் பயிரிட்டு, முதுமையிலும் உழைத்து உண்ட நல்லடியார். கபன் துணி வந்து சேர்ந்த வேளையில் அவருடைய மூத்த மகன் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், தம் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தா ஒருமுறை சொன்னார்கள். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்று கேட்டார். என்னிடம் தெளிவான விடை இல்லை. "பெரிய உலமாக்களிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்டுச் சொல்வதற்கு அது நேரமா? அஸருக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவே இல்லை.

அன்று சொல்லத் தவறிய விடையை இன்று இந்தப் பகுதியின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பிரச்சினையில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் உறுப்பு மாற்றம் கூடாது என்று தனி நூலே எழுதினார்கள். நம் நாட்டின் மூத்த உலமாக்கள் பலரும் அதே கருத்தினர். உடல் இறைவனின் அமானிதம். மனிதன் அதன் உரிமையாளன் அல்லன். உயிருள்ளவரின் உடலுக்குரிய கண்ணியம் மையித்துக்கும் உண்டு என்பன அவர்களுடைய ஆதாரங்கள். இவை எளிதில் தள்ளிவிடத் தக்கவை அல்ல.

ஆயினும், நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களிலேயே மற்றொரு சட்டமும் இருக்கிறது. கருவுற்ற பெண் இறந்து, அவள் வயிற்றில் குழந்தை உயிரோடிருந்தால், வயிற்றைக் கீறிக் குழந்தையை வெளியில் எடுக்க வேண்டும் என்று ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் இமாம்கள் சட்டம் வகுத்துள்ளனர். மையித்தின் கண்ணியத்தை அவர்கள் அறியாதவர்களா? அறிந்தே, உயிருள்ள ஒன்றைக் காப்பது அதற்கும் மேலான கடமை என்று தீர்மானித்தார்கள். ஓர் உயிரை வாழ வைப்பதை மனிதகுலம் முழுவதையும் வாழ வைப்பதற்கு நிகராகத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் உயர்த்திப் பேசுவதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த அடிப்படையில்தான் 1982இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை உறுப்பு தானத்தை அனுமதித்தது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி நிபந்தனைகளுடன் அதே முடிவுக்கு வந்தது. பெறுபவரின் உயிரோ, உடலின் அடிப்படையான ஓர் இயக்கமோ அந்த உறுப்பைச் சார்ந்திருக்க வேண்டும். கொடுப்பவர் வாழும்போது இசைந்திருக்க வேண்டும். அல்லது அவருடைய வாரிசுகள் இசைய வேண்டும். விற்பனை அறவே கூடாது. நம் பகுதியிலிருந்து பலரும் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கு 1987ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்திலிருந்து முஸ்லிம்களுக்கு விலக்கு இருந்தது. 2007இல் அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றம் ஃபத்வா வழங்கிய பின், 2008 முதல் முஸ்லிம்களும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டனர்.

மூளைச்சாவு பற்றிய ஐயம் அடுத்து எழுகிறது. மூளையின் இயக்கம் மீளாதபடி நின்றுவிட்டால் அதுவும் மரணமே என்று 1986இல் அம்மானில் அதே அகாடமி முடிவு செய்தது. மக்காவின் ஃபிக்ஹு சபையோ, இதயம் நிற்கும்வரை மரணத்தின் சட்டங்களைச் செயல்படுத்தலாகாது என்று 1987இல் கூறியது. ஆகவே இதயம், கல்லீரல் முதலிய உறுப்புகளைக் குறித்து ஐயமுள்ளோர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். கண்ணின் கருவிழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இதயம் நின்று, மூச்சு அடங்கி, மரணம் உறுதியான பின்னர்தான் அது எடுக்கப்படுகிறது.

விளாத்திகுளம் போன்ற சிற்றூரில் இது நடக்கக்கூடியதா என்று கேட்கலாம். கரிசல் சீமையில் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இன்று அது உலகம் அறிந்த நிறுவனம். கண் தானத்துக்கு மையித்தை எங்கும் கொண்டுசெல்ல வேண்டியதில்லை; கண் வங்கியினர் வீட்டுக்கே வருவர். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு அரை மணி நேரம் போதும். முகம் விகாரமடையாது. குளிப்பாட்டுதலும் கபனிடுதலும் தொழுகையும் வழக்கம்போல் நடைபெறும். நல்லடக்கம் தாமதமாகுமே என்ற கவலைக்கு இடமில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்தவரும், நீரிழிவு நோயாளியும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற தொற்றுகளால் இறந்தவர்களின் கண்கள் மட்டும் ஏற்கப்படுவதில்லை.

வீட்டார் செய்ய வேண்டியது மிகச் சிறிது. தாமதமின்றிக் கண் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்து, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். அபூஸலமா (ரலி) அவர்கள் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே அவர்களுடைய கண்களை மூடிவிட்டார்கள். அந்த சுன்னத்தை நிறைவேற்றும் கரமே தானத்துக்கும் ஆயத்தம் செய்துவிடுகிறது.

"மறுமையில் கண்ணின்றி எழுவோமோ?" என்று தாய்மார்கள் சிலர் அஞ்சுகின்றனர். கடலில் மூழ்கி மீன்களுக்கு இரையானவர்களையும், தீயில் வெந்து சாம்பலானவர்களையும் முழுமையாக எழுப்ப வல்லவன் அல்லாஹ். விரல் நுனிகளைக்கூட ஒழுங்குபட அமைப்பதாகத் தன் திருமறையில் அறிவித்திருப்பவனுக்கு, இரக்கத்தால் கொடுக்கப்பட்ட கண்ணைத் திருப்பித் தருவது இயலாத செயலா? உஹதுப் போரில் உடல் சிதைக்கப்பட்ட ஹம்ஸா (ரலி) அவர்கள் தியாகிகளின் தலைவர் அல்லவா?

இன்னொன்றையும் நாம் நெஞ்சில் கை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவர் ஹட்சன் சில்வா தோற்றுவித்த இலங்கைக் கண் தான சங்கத்திலிருந்து பாகிஸ்தானுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கருவிழிகள் சென்றுள்ளன. அவற்றைக் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் பௌத்தர்கள். நம் பிள்ளைக்குப் பார்வையோ சிறுநீரகமோ தேவைப்படும்போது, பிறர் கொடுத்ததை "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஏற்றுக்கொள்கிறோம். கொடுக்கும் முறை வரும்போது மட்டும் மார்க்கத்தைக் காரணம் காட்டி ஒதுங்குவது நீதியாகுமா?

2008 செப்டம்பரில் விபத்துக்குள்ளாகி மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானமாக வழங்கினர். அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழகத்தில் உறுப்பு தானம் குறித்த விழிப்பு பரவ அந்தப் பெற்றோரின் முடிவு பெருங்காரணமாயிற்று. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. மனித உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. விற்பதும் வாங்குவதும் ஷரீஅத்தின்படியும் ஹராமே.

தானப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், இறந்த வேளையில் வீட்டாரைக் கேட்காமல் மருத்துவர்கள் எதையும் எடுப்பதில்லை. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காரியம் அத்துடன் நின்றுவிடும். ஆகவே பெட்டியில் பூட்டி வைத்த படிவத்தைவிட, மனைவி மக்களிடம் வாய்விட்டுச் சொன்ன சொல்லே பயன் தரும். அந்த மகனுக்கு அன்று விடை கிடைக்காமற் போனதற்கு நானும் காரணம். வாழும் நாளிலேயே வீட்டில் இதைப் பேசித் தீர்க்காத நம் வழக்கமும் காரணம்.

நான் முடிவு செய்துவிட்டேன். என் கண்களை எடுத்துக்கொள்ளலாம் என்று என் துணைவியாரிடமும் மக்களிடமும் சொல்லிவிட்டேன். கலங்கிய அவர்களுக்கு மேலே கூறிய சட்டங்களை விளக்கினேன், சம்மதித்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்த மார்க்கத்தில் இடமில்லை. மாற்றுக் கருத்துடைய உலமாக்களைப் பின்பற்றுவோரைக் குறை கூறவும் வேண்டாம். ஆனால் கொடுப்பதோ மறுப்பதோ, தெரிந்து செய்த முடிவாக இருக்கட்டும். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் குடும்பத்தாருடன் அமர்ந்து இதைப் பேசுங்கள். ஜமாஅத் தலைவர்கள் அருகிலுள்ள கண் வங்கியின் தொலைபேசி எண்ணைக் கேட்டறிந்து பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். மையவாடிக்குச் சென்று மண்ணாகும் நம் கண்கள், யாரோ ஒருவர் திருமறையை ஓதவும், தம் பிள்ளையின் முகம் காணவும் உதவுமாயின் அது நமக்கு நிலையான தருமமாக அமையும் என்று ஆதரவு வைப்போம்.

பார்வையை அருளிய வல்ல ரஹ்மான், நம் வாழ்வையும் மரணத்தையும் பிறருக்குப் பயனுள்ளவையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.