மழையில் அடங்கிய குரல்

எங்கள் மலைமேல் இருக்கும் ரிப்பீட்டருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்ன நண்பர், ராகுகாலம் பார்க்காமல் வாசற்படி தாண்டாதவர் என்ற காரணத்தால், அவர் வார்த்தையை நாங்கள் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பத்து நாள் கழித்து, பௌதிகம் போதித்து ஓய்வுபெற்ற மற்றொரு நண்பர் அதே சமாசாரத்தை, பேய் என்ற சொல்லை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிட்டு, என்னிடம் தெரிவித்தபோதுதான், மலையேறுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஹாம் வானொலியில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ரிப்பீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் கையிலுள்ள சிறு கருவியின் ஐந்து வாட் சக்தி, வீடுகள் அடர்ந்த ஊருக்குள் வெகுதூரம் போவதற்குள் களைத்துவிடுகிறது. ஆகையால் உயரமான ஓரிடத்தில் ஒரு ரிசீவரையும் ஒரு டிரான்ஸ்மிட்டரையும் ஜோடியாக வைத்து, கீழேயிருந்து 145.100 மெகாஹெர்ட்ஸில் மெலிந்து வரும் பேச்சை வாங்கி, அதே கணத்தில் 145.700 மெகாஹெர்ட்ஸில் பலமாகத் திருப்பிச் சொல்லும்படி ஏற்பாடு செய்கிறோம். காதும் வாயும் ஒரே ஆன்டெனாவைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்தச் சம்சாரத்தில், வாய் கத்துவது 25 வாட்டில். காது கேட்கவேண்டியதோ ஒரு மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கை. சக்தியாகக் கணக்கிட்டால் முன்னது பின்னதைப்போல், மூன்றுக்குப் பின் பதினாறு பூஜ்யங்கள் போட்டு வரும் அத்தனை மடங்கு. இரண்டுக்கும் நடுவே நின்று சமாதானம் செய்துவைப்பது டூப்ளெக்சர் என்னும், ஆறு உலோகக் குடுவைகள் கொண்ட வடிகட்டி; அது தன் கடமையில் தவறினால் ரிப்பீட்டர் தன் குரலாலேயே தன் காதைச் செவிடாக்கிக்கொள்ளும். ஆகவே, எந்த நோய் வந்தாலும் முதலில் டூப்ளெக்சரைத் திட்டுவது எங்கள் வட்டாரத்து வழக்கம்.

இந்தத் தடவை திட்டு பலிக்கவில்லை. நோயின் லக்ஷணம் விசித்திரமானது. யாராவது ஒருவர் பேசி முடித்துப் பொத்தானை விட்டபின்பு, ரிப்பீட்டர் முறைப்படி ஓரிரு விநாடியில் அடங்காமல், தகரத்தைக் கல்லில் தேய்ப்பதுபோன்ற ஓர் ஓலத்தை எழுப்பி, அந்த ஓலத்துக்குள்ளே யாரோ முன்பின் அறியாத மனிதர்களின் பேச்சுத் துணுக்குகளையும் கலந்து, சரியாக மூன்று நிமிஷம் வரை கூவிக்கொண்டிருக்கும். மூன்று நிமிஷத்துக்குமேல் தொடர்ந்து ஒலிபரப்பினால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட ஒரு காவல் கடிகாரம் உண்டு. அது குறுக்கிட்டு வாயை அடைத்ததும் பேரமைதி. பிறகு இன்னொருவர் அழைக்கும்வரை சத்தமே இராது. அழைத்தால் மட்டும் வருகிற பேய்! அதுவும் எல்லா நாளும் வருவதில்லை.

தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு தொனியைக் கலந்து அழைத்தவருக்கு மட்டுமே ரிப்பீட்டர் திறக்கும்படி பூட்டுப் போட்டுவிடலாம் என்று இளைஞர் ஒருவர் யோசனை சொன்னார். ஓலம் அத்தோடு நின்றிருக்கும் என்பது வாஸ்தவம். ஆயினும் ஓலத்துக்குக் காரணமான சிக்னல் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். பூட்டுக்குப் பின்னால் அது உட்கார்ந்துகொண்டு, தூரத்து ஊர்க்காரரின் மெல்லிய குரலை விழுங்குவதையும் நிறுத்தாது. வீட்டுக்குள் புகை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை; இந்த விஷயத்தில் என் பிடிவாதம் சிநேகிதர்களுக்குப் பழகிப்போனது.

துணுக்குப் பேச்சுக்கு உரியவர்கள் யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதே மலையில் எங்கள் கோபுரத்துக்கு அடுத்த கோபுரத்தில் வேறொரு சேவையின் டிரான்ஸ்மிட்டர் 146.300 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அது தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருப்பது. அதன்மேல் குற்றம் ஏதுமில்லை. அடிவாரத்து டீக்கடையில் பில்லின் பின்புறத்தில் பேராசிரியர் கணக்குப் போட்டார்: எங்கள் 145.700-ஐ இரண்டால் பெருக்கினால் 291.400, அதிலிருந்து 146.300-ஐக் கழித்தால் 145.100. எங்கள் காதின் துவாரம் இருக்கும் இடமே அது! இரண்டு அலைகள் எங்கேனும் ஒழுங்கு தவறிய ஒரு வஸ்துவில், அதாவது மின்சாரத்தை ஒருபக்கமாக மட்டும் தாராளமாக விடும் குணமுடைய ஒன்றில் சந்தித்தால், இப்படிக் கூட்டியும் கழித்தும் புதிய அலைகளைப் பெற்றெடுக்கின்றன. எங்கள் அலையும் பெற்றோரில் ஒன்றாகையால், நாங்கள் ஒலிபரப்பும் வரையில்தான் குழந்தைக்கு உயிர். காவல் கடிகாரம் எங்களை நிறுத்தியதும் அதுவும் மடிகிறது. மேலும், பிறந்த அலையில் எங்கள் ஒலி இருமடங்காகப் பதிந்து வந்து, ரிசீவர் வழியே மறுபடி டிரான்ஸ்மிட்டருக்குப் போய், மறுபடி இருமடங்காகி, இவ்விதம் சுழன்றதன் பலனே அந்தத் தகர ஓலம். டூப்ளெக்சர் பாவம் என்ன செய்யும்? 145.100-இல் வருபவரை உள்ளே விடுவதுதான் அதன் உத்தியோகம்.

இனி, சந்திப்பு நடந்த இடம் எது என்பதே கேள்வி. ரிசீவருக்குள்ளேயே நடக்கலாம். அதைச் சோதிக்க ஓர் அழகான யுக்தி இருக்கிறது. என் நாற்பது வருஷ அனுபவத்தில் இதைவிடச் சிக்கனமான பரீட்சையை நான் கண்டதில்லை. ரிசீவரின் வாயிலில் மூன்று டெசிபெல் குறைக்கும் ஒரு சிறு தடையைச் செருகவேண்டும். கள்ளச் சிக்னல் வெளியிலிருந்து வருவதானால் அதுவும் மூன்று டெசிபெல்தான் குறையும். ரிசீவருக்குள்ளேயே பிறப்பதானால், தாய் தந்தை இருவரும் மெலிந்துவிட்டபடியால், இவ்வகைக் குழந்தை ஒன்பது டெசிபெல் மெலியும். எங்களுக்கு மூன்றுதான் குறைந்தது. ரிசீவர் நிரபராதி.

அடுத்த சந்தேகம் எங்கள் டிரான்ஸ்மிட்டரின்மேல் விழுந்தது நியாயமே. அயலாரின் அலை ஆன்டெனா வழியே பின்வாசலால் நுழைந்து, எங்கள் ஆம்ப்ளிஃபையரில் கலந்து திரும்புவது எங்கும் நடக்கிற காரியம். போகிற அலையை விட்டு, திரும்பிவருகிறதை உறிஞ்சிக்கொள்ளும் ஐசலேட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். ஓலம் ஓர் இம்மியும் குறையவில்லை. ஆன்டெனாவைக் கழற்றி டிரான்ஸ்மிட்டரின் சக்தி முழுவதையும் டம்மி லோடில் எரித்து, வேறொரு ஆன்டெனாவால் கேட்டபோதோ பூரண நிசப்தம். பெட்டிகள் யாவும் பரிசுத்தம்; எங்கள் அலை ஆகாயத்தில் ஏறியபின் வெளியே எதுவோ அதைக் கெடுக்கிறது.

அப்போதுதான் பேராசிரியர் தம் நாட்குறிப்பைப் புரட்டி, பேய் வராத தினங்கள் அத்தனையும் மழை பெய்த தினங்கள் என்று காட்டினார். எனக்கு உடனே துரு ஞாபகம் வந்தது. இரும்பும் இரும்பும் துருவை நடுவில் வைத்துத் தளர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒரு டையோடாக வேலைசெய்யக்கூடும். ஈரம் பட்டால் அந்தக் குணம் பெரும்பாலும் மறைந்துவிடும். கல்கத்தாப் பிரெசிடென்ஸி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், காலினா என்னும் ஈயக் கனிமத்தின்மேல் உலோக முனையைத் தொடவைத்து மின்னலைகளைக் கண்டறிந்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருவியும் தத்துவத்தில் இதற்கு உறவுதான். 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைப் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்கள், சவரம் செய்த பழைய பிளேடின்மேல் ஊக்கு முனையை வைத்து ரேடியோ சங்கீதம் கேட்டதும் இந்தச் சம்பந்தத்தாலேயே. அவர்கள் தேடித் தவித்த வஸ்து எங்களுக்குத் தேடாமல் கிடைத்திருந்தது. இருந்த இடம்தான் தெரியவில்லை.

நல்ல வெயில் நாள் ஒன்றில், மூன்று குச்சி யாகி ஆன்டெனாவுடன் கைக்கருவியை எடுத்துக்கொண்டு கோபுரத்தைச் சுற்றி வந்தோம். அத்தனை அருகில் கைக்கருவியே திக்குமுக்காடிப் பொய் சொல்லும் என்பதால், அதன் முன்னாலும் தடையைச் செருகிக்கொண்டேன். பேராசிரியர் ஒரு மூங்கில் கழியால் மூலைக்கு மூலை போல்ட்டுகளையும் இழுகம்பிகளையும் வேலிக் கதவையும் தட்டிக்கொண்டு போனார். ஒன்றும் அசையவில்லை. பொழுது சாயும் சமயம், களைத்துப்போய் ஒரு கம்பியின்மேல் அவர் கழியைச் சாய்த்த மாத்திரத்தில், ஓலம் விக்கி நின்று மறுபடி எழுந்தது.

“அது நம்ம துணி காயப்போடுற கொடிங்க ஐயா, அதை எதுக்குத் தட்டுறீங்க?” என்றார் காவலாளி.

கோபுரத்தின் கால் ஒன்றில் துருவேறிய கொக்கியை மாட்டி, வேலிக் கம்பம்வரை இழுத்துக் கட்டிய பழைய இரும்புக் கம்பி. காற்றடித்து அதில் வேட்டி ஆடினால் கொக்கி உரசும். மழை பெய்தால் கொக்கி நனையும். அதைக் கழற்றியதும் ஓலம் நின்றது. நாலு நாள் காய்ந்த காற்றிலும் திரும்பி வரவில்லை.

கம்பிக்குப் பதிலாகத் தேங்காய்நார்க் கயிறு கட்டிக்கொடுத்தோம். வெள்ளை வேட்டியெல்லாம் செம்பழுப்பாகக் கறை ஏறுகிறது என்று காவலாளி மறுவாரமே புகார் செய்தபடியால், பன்னிரண்டு மீட்டர் நைலான் கயிறு வாங்கி அனுப்பினோம். சங்கத்துக் கணக்கை எழுதும் நண்பர் அந்தச் செலவை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று சற்று நேரம் தயங்கிவிட்டு, ‘டூப்ளெக்சர் உதிரி பாகம்’ என்று எழுதிக்கொண்டார்.