குரலுக்கும் ஓர் ஈசிஜி

சனி, ஞாயிறு வந்தால் கியா பார்ம் சாலையில் வண்டி நகராது. ஸ்ட்ராபெரி, சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று கடைக்காரர்கள் கூவி அழைப்பது கேமரன் மலைக் குளிரையும் தாண்டிக் கேட்கும். சந்தை வியாபாரி, பள்ளி ஆசிரியர், சுற்றுலா வழிகாட்டி, கோயிலில் தேவாரம் பாடுபவர் என்று குரலை நம்பி வாழ்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். குரல் கம்மினால், “சளிதான், இஞ்சித் தேநீர் குடி” என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். பெரும்பாலும் தானாகவே சரியாகியும் விடும். ஆகாவிட்டால் என்ன செய்வது?

காது, மூக்கு, தொண்டை நிபுணர் மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியே செலுத்திக் குரல்வளையைப் பார்ப்பார். அங்கே இரண்டு குரல் நாண்கள். மூச்சு விடும்போது விலகும், பேசும்போது சேரும். சிலருக்கு ஒரு நாண் அசையாமல் கிடக்கும். நரம்பு செயலிழந்ததால் அசையவில்லையா, மூட்டு இறுகிப்போனதாலா? கேமரா காட்டும் படத்தை மட்டும் வைத்து இதை எப்போதும் சொல்லிவிட முடியாது.

அப்போது உதவுவதுதான் ஈஎம்ஜி என்ற தசை மின்பதிவு. இதயத்துக்கு ஈசிஜி எடுப்பதுபோல, தசையின் மின்துடிப்பை எடுத்துப் பார்ப்பது. குரல்வளைத் தசைகள் மிகச் சிறியவை, உள்ளே இருப்பவை. அதனால் கழுத்துத் தோல் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். “ஈ...” என்று சொல்லச் சொன்னால் நாண்களைச் சேர்க்கும் தசை வேலை செய்யும். தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே ஏற்றச் சொன்னால் நாணை இழுத்து நீட்டும் தசை. மூக்கால் ‘சர்’ரென்று மூச்சை இழுத்தால் நாண்களை விலக்கும் தசை. ஒவ்வொன்றின் துடிப்பும் திரையில் கோடாக ஓடும்.

ஆனால், கோணலைக் கண்டுபிடிக்க நேர் எது என்று முதலில் தெரிய வேண்டுமே. குரல்வளைத் தசைகளின் மின்பதிவு 1944-இலேயே வெளிவந்துவிட்டது. ஆரோக்கியமான குரல்வளையின் இயல்பை விரிவாக அளந்து 1957-இல் வெளியிட்டவர் டென்மார்க்கின் ஃபாபோர்க்-ஆண்டர்சன்.

தளர்ந்து கிடக்கும் கைத்தசையில் மின்துடிப்பு இராது. குரல்வளை அப்படி முழுதாக ஓய்வதில்லை. நாம் சும்மா மூச்சு விடும்போதும் அங்கே கொஞ்சம் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பேசும்போதோ, ஒலி காதில் விழுவதற்கு முன்பே தசை துடிக்கத் தொடங்கிவிடுகிறது. 1958-இல் எட்ஃபெல்ட் என்பவருடன் சேர்ந்து செய்த ஆய்வில், மனத்துக்குள் வாசிக்கும்போதும் இந்தத் தசைகளின் துடிப்பு மாறுவது பதிவானது. வாய் திறக்காமல் இதை வாசிக்கும் உங்கள் தொண்டையும் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கலாம்!

இந்த அளவீடு ஒரு பழைய வழக்கைத் தீர்க்கவும் உதவியது. குரல் நாணின் ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக நரம்பு வழியே கட்டளை அனுப்புகிறது என்று 1950-இல் பிரான்சின் ஹுசோன் வாதிட்டார். பெண் குரலில் நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன. தசையின் மின்துடிப்போ அந்த அதிர்வோடு ஒத்துப்போகவில்லை. தசை நாணை இறுக்கித் தயாராக வைக்கிறது; அதிர வைப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றுதான்.

இன்று இந்தப் பரிசோதனை பெரிதும் உதவுவது, தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல் போனவர்களுக்கு. குரல் நரம்பு தைராய்டை ஒட்டியே போவதால் சில வேளைகளில் அதற்குப் பாதிப்பு நேரலாம். நரம்பு தானாகத் தேறவும் கூடும். அதற்கு மாதக் கணக்காகும். காத்திருப்பதா, நிரந்தரச் சிகிச்சை செய்துகொள்வதா? நாண் அசையாவிட்டாலும் துடிப்பு இயல்பாக இருந்தால் கோளாறு மூட்டில் இருக்கலாம். பேச முயலும்போது புதிதாகத் துடிப்புகள் தென்பட்டால் நரம்பு துளிர்க்கிறது என்று பொருள். பேச முயன்றும் துடிப்பே வராமல், ஓய்வில் மட்டும் தாறுமாறான சிறு துடிப்புகள் தெரிந்தால் தேறும் வாய்ப்புக் குறைவு. ஆனால் ஒன்று: கெட்ட அறிகுறியை நம்பும் அளவுக்கு நல்ல அறிகுறியை நம்பிவிட முடியாது. துளிர்த்த நரம்பு தவறான தசையைப் போய்ச் சேர்ந்தால், துடிப்பு இருந்தும் நாண் அசையாது.

எல்லாருக்கும் ஈஎம்ஜி தேவைப்படாது. கேமராப் பரிசோதனை மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. இடப்பக்கக் குரல் நரம்பு நெஞ்சுவரை இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரல் புற்றுநோய்கூடச் சில சமயம் குரல் கம்மலாகத்தான் முதலில் தலைகாட்டும். மூன்று வாரமாகியும் குரல் திரும்பவில்லை என்றால், புகைபிடிப்பவர்கள் குறிப்பாக, அருகிலுள்ள கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி நிபுணரைப் பாருங்கள். கியா பார்மிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ போய்வர ஒரு நாள் வியாபாரம் கெடும்தான். கெட்டால் கெடட்டும், போய் வந்துவிடுங்கள்.