மந்திரி ஆனால் மட்டும் போதுமா?

தோழர்களே, களமருதூர்ப் பக்கம் தேர்தல் வந்தாலே ஒரு பேச்சு கிளம்பும்: "நம்மாளு ஒருத்தரு மந்திரி ஆயிட்டா எல்லாம் மாறிடும்." நாமும் அதை நம்பியவர்கள்தான். சத்தியவாணி முத்துவின் கதையைத் தெரிந்துகொள்ளும்வரை.

1953இல் குலக்கல்விக்கு எதிராக முன்னே நின்றவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் மந்திரி. கொடுத்த துறை எது? அரிசன நலம். (பெயரிலேயே காந்தியின் கருணை!) அடுத்த ஆண்டு டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். நம் பெண் ஒருவர் மந்திரியாக இருந்த ஆட்சிதான். ஆனால் காவல்துறை அவர் கையில் இல்லை, நிலமும் இல்லை.

1974இல், தாழ்த்தப்பட்டோரை திமுக புறக்கணிக்கிறது என்று சொல்லி வெளியேறி, தனிக்கட்சி கண்டார். அந்தத் துணிச்சலை எந்தக் கழக மேடையும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 1977இல் அக்கட்சியை அதிமுகவில் கரைத்தது தோல்விதான், மறைக்க மாட்டோம். 1979இல் சரண்சிங் அரசில் மத்திய மந்திரியானார். அந்த அரசு ஆறு மாதம்கூட நிற்கவில்லை.

கக்கன் உள்துறை வைத்திருந்தாரே என்பீர்கள். அவருக்குப் பிறகு யார்?

கல்வராயன் மலைப் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் தருவது வருவாய்த்துறை. வன்கொடுமை வழக்கைப் பதிய வேண்டியது காவல்துறை. நலத்துறைக்கு விடுதியும் உதவித்தொகையும். கள்ளக்குறிச்சி தனித்தொகுதி. அடுத்த முறை நம் தெருவுக்குக் கைகூப்பி வருகிறவரிடம், எந்தக் கட்சியானாலும், கேளுங்கள்: ஜெயித்தால் உங்கள் தலைமையிடம் எந்தத் துறையைக் கேட்பீர்கள்?