மிச்சத்தைக் கணக்கிட்டால்தான் தருமம் நிலைக்கும்

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது பழமொழி. இதைக் கிராமங்களில் இரண்டு விதமானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கையை இறுக்கிக்கொண்டவர், "எனக்கே போதவில்லை" என்று சொல்லி எக்காலத்திலும் எதையும் கொடுப்பதில்லை. இளகிய மனம் படைத்தவரோ கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தமக்கு மிஞ்சவில்லையே என்று பின்னால் வருந்துகிறார். இருவரும் செய்யத் தவறுவது ஒன்றுதான். மிச்சம் எவ்வளவு என்று இருவருமே கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கு மிக அவசியமாவது கோடைக் காலத்தில், கிணற்று நீர் விஷயத்தில். ஒருவர் கிணற்றில் ஊற்று இருக்கிறது. அடுத்த காட்டில் நிலக்கடலை வாடுகிறது. "ஒரே ஒரு தண்ணி விடுங்கண்ணே" என்று வரப்பில் வந்து நிற்பவர் பங்காளியாகவோ, அறுவடைக்குக் கை கொடுத்தவராகவோ இருப்பார். மறுத்தால் நாளை முகத்தில் விழிக்க முடியாது. சம்மதித்தால் ஒரு தண்ணீர் மூன்றாகும். கேட்பவர் ஒருவர் மூவராவார். மாசியில் தாராளமாகக் கொடுத்தவரின் பயிரே சித்திரையில் காய்ந்து போவதுண்டு. அடுத்த ஆண்டு அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். ஒரு கோடையின் உதவி மறு கோடையில் பகையாக முடிகிறது.

கிணற்றின் வரவு செலவு

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடி நீர் என்பது ஏறத்தாழ 8,900 லிட்டர் ஆகும். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, காலையில் மறுபடியும் அளந்தால் இரவு ஊறிய நீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பத்து அடி ஊறியிருந்தால் அன்றைய வரவு 89,000 லிட்டர். பத்து நாளில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் லிட்டர்.

இனி செலவு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். சொந்தமாக இரண்டு ஏக்கர் கடலைக்குப் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்றால் 4 லட்சம். மீதி ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கோடை ஏற ஏற ஊற்று குறையும். வாய்க்காலிலும் ஓரளவு மண் குடித்துவிடும். ஆகவே மீதியில் பாதியை மட்டுமே பிறருக்கு என்று ஒதுக்குவது பாதுகாப்பானது. அது பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு ஏக்கர் நனையப் போதுமானது. அதைத் தாராளமாகவே கொடுக்கலாம். மூன்று ஏக்கருக்கு வாக்குக் கொடுப்பதுதான் தவறு. இந்த அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும். வாரம் ஒருமுறை கயிறு விட்டுப் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

தமிழ்நாட்டில் 1990-ல் விவசாய பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானது. சிறு விவசாயிக்கு அது பெரிய உதவி. ஆனால் பில் வராததால், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. மின்சாரத்துக்கு விலை இல்லை என்பதால் நீருக்கும் விலை இல்லை என்று ஆகிவிடாது.

யாருக்கு, எப்போது?

மூவர் கேட்கும்போது மூவருக்கும் அரைகுறையாக விடுவது நியாயம்போலத் தோன்றும். அதனால் யாருக்கும் பயனில்லை. கடலை பூத்து விழுது இறங்கும் தருணத்தில் மண் ஈரமாகவும் இளகியும் இருந்தாக வேண்டும். அப்போது விடும் ஒரு தண்ணீர் விளைச்சலைக் காப்பாற்றும். செடி காய்ந்த பிறகு விடும் மூன்று தண்ணீர் வீண். எவர் பயிர் அந்தப் பருவத்தில் நிற்கிறதோ அவருக்கு முதலில் கொடுப்பதே முறை. விதைக்கும் முன்பே, "எத்தனை தண்ணீர் என்னால் முடியும்" என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது. கொடுப்பவரை நம்பிக் கோடை நெல் நட்டு நஷ்டப்படுவதிலிருந்து அடுத்தவர் தப்புவார்.

மிச்சத்தைப் பெருக்கவும் வழி உண்டு. ஒரு ஏக்கர் நெல்லுக்குச் செலவாகும் நீரைக் கொண்டு மூன்று ஏக்கருக்கு மேல் உளுந்து விளைவிக்கலாம். கோடையில் நெல்லை விட்டு உளுந்துக்கு மாறுபவர் தம் நிலத்துக்குத் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறார். அண்டை நிலத்துக்கும் நீர் மிஞ்சுகிறது.

குடிநீருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மனிதருக்கும் மாட்டுக்கும் தாகம் தீர்க்கக் கேட்டால், பயிர் எந்தப் பருவத்தில் இருந்தாலும் கொடுத்தாக வேண்டும்.

உடம்பும் கணக்கில் சேர்ந்ததே

மும்முனை மின்சாரம் பல இடங்களில் இரவிலும் முறை வைத்து வருகிறது. தம் வயலுக்குப் பாய்ச்சிவிட்டு, அடுத்தவருக்காகவும் விடியும்வரை மடை திருப்புகிறவர் உண்டு. இரவில்தான் கட்டுவிரியன் நடமாடும். ஈரக் கையும் வெறுங்காலுமாக ஸ்டார்ட்டரைத் தொடுவதும் ஆபத்து. நீர் கொடுப்பவர் கிணற்றைத்தான் கொடுக்கிறார்; தூக்கத்தையும் உயிரையும் அல்ல. நீர் பெறுகிறவர் வீட்டிலிருந்து ஓர் ஆள் டார்ச் விளக்கும் ரப்பர் செருப்புமாக வந்து மடை பார்க்க வேண்டும். இப்படிக் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பல பெயர்களில் ஊர்ப்பணியாளர் இருந்தார்கள். எல்லார் வயலுக்கும் முறை தவறாமல் நீர் பிரித்துவிடுவது அவர்கள் வேலை. அறுவடையின்போது களத்திலேயே அவர்களுக்கு உரிய நெல் அளக்கப்பட்டது. ஊருக்கு உழைப்பவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்பதை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. குடிமராமத்திலும் ஒவ்வொரு குடியும் தன் பங்கு ஆளை அனுப்பியது. யாரோ ஒருவர் தலையில் முழுச் சுமையும் விழவில்லை. அந்த ஏற்பாடு பல ஊர்களில் மறைந்துவிட்டது. இன்று நல்ல மனம் படைத்த ஒருவர் கிணற்றின்மேல் ஊரே சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்குப் பார்த்துச் செய்வது தருமமாகுமா என்று சிலர் கேட்கலாம். விதை நெல்லை எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சமைப்பவரைக் கஞ்சன் என்று யாரும் சொல்வதில்லை. விதை நெல்லையும் சமைத்து விருந்து வைப்பவர் அடுத்த போகத்தில் தாமே கடனுக்கு நிற்பார். கிணறும் அப்படித்தான். அதே சமயம், பத்தாயத்தைப் பூட்டிவிட்டு மிச்சமே இல்லை என்பவரின் பேச்சும் கயிறு விட்டு அளந்தால் வெளுத்துவிடும். ஏனெனில், கணக்கு கொடுப்பவரைக் காப்பது போலவே, கொடுக்க மறுப்பவரையும் கேள்வி கேட்கிறது.

தன்னலமும் பொதுநலமும் ஒன்றாகும் இடங்களும் உண்டு. உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை அள்ளித் தம் வயலுக்கு அடிப்பவர் நிலத்தை வளப்படுத்துகிறார். ஏரியும் ஆழப்படுகிறது, சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று கூடுகிறது. இந்தக் கோடையில் சிறு விவசாயிகள் முதலில் தங்கள் கிணற்றை அளந்து பார்க்கட்டும். பக்கத்துக் காட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசட்டும். மழைக்கு முன் வண்டலுக்கு வண்டி கட்டட்டும். அப்போது தம் பயிரும் கரை சேரும். அடுத்த கோடையிலும் கொடுக்கக் கையில் நீர் இருக்கும்.