அவசர சிகிச்சையும் நஷ்டஈடும்

அந்தமானின் வெளித் தீவுகளில் நள்ளிரவில் ஒருவருக்கு மார்வலி கண்டால், குடும்பத்தார் முதலில் தேடுவது கப்பலையோ ஹெலிகாப்டரையோதான். டிக்லிப்பூரானாலும் காம்ப்பெல் பே ஆனாலும், கடுமையான நோயாளிகள் வந்து சேருமிடம், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர்தான். மாற்று இடம் தேட வழியற்ற தீவு மக்களுக்கு, அவசர சிகிச்சையில் தவறு நேர்ந்தால் என்ன பரிகாரம்?

மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், அனைவருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளுக்கு அது பொருந்தாது. கட்டணம் செலுத்தியவருக்குத் திறந்திருக்கும் கதவு, இலவச சிகிச்சையை நம்பிச் சென்ற ஏழைக்கு மூடியிருக்கிறது.

அதனால் அவருக்கு வழியே இல்லை என்பதல்ல. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்ற ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று கூறி அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. உரிய நேரத்தில் சிகிச்சை தர மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவை மீறுவதாகும், நிதியில்லை என்பது அரசுக்குச் சாக்காகாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ரூ.25,000 நஷ்டஈடும் வழங்கச் செய்தது. தீவு மக்களும் இவ்வாறு ரிட் மனு தாக்கல் செய்யலாம். கல்கத்தா ஹைகோர்ட்டின் சர்க்யூட் பெஞ்ச் போர்ட் பிளேரிலேயே இருக்கிறது.

ஆனால், அந்த நீதி கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின என்பதை மறக்கலாகாது. கூலி வேலையை விட்டுக் கப்பலேறி வந்து வழக்காட எத்தனை பேரால் இயலும்?

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. சிகிச்சை பலிக்காததெல்லாம் அலட்சியமாகிவிடாது என்பதை 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. ஆள் பற்றாக்குறைக்கும் கருவிக் குறைக்கும் இரவுப் பணியிலிருக்கும் டாக்டரைப் பலியாக்குவது முறையல்ல. உண்மை எதுவென்று காட்டக்கூடியது சிகிச்சைக் குறிப்பேயாகும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டுமென 2002-ம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதிகள் கூறுகின்றன.

கேட்காமலேயே அதன் நகலைக் குடும்பத்தாரிடம் கொடுப்பதை நிர்வாகம் வழக்கமாக்க வேண்டும். புகார்களைக் குறித்த கெடுவுக்குள் விசாரிக்க, வெளி டாக்டர்களும் இடம்பெறும் குழு ஒன்றை அமைக்க வேண்டும். தவறு உறுதியானால், கோர்ட் உத்தரவுக்குக் காத்திராமல் நஷ்டஈடு வழங்க வேண்டும். சிகிச்சை இலவசமாயிருக்கலாம், அதைப் பெறுபவரின் உயிர் மலிவானதல்ல.